தண்ணீர் இறங்கும் இரவு

மூணாற்றுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்குள்ள லயத்தின் பின்புறமாக ஓர் ஓடை இறங்குகிறது. கோடையில் அதைத் தாண்ட இரண்டு கற்கள் போதும். ஆனி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் அந்தக் கற்கள் புரட்டாசி வரை கண்ணில் படுவதில்லை. விடுமுறைக்கு வீடு வந்த கல்லூரி மாணவன் ஒருவன், ஓடையைக் கடக்கும் சிறுபாலத்தின் தூணில் வெள்ளை வண்ணத்தால் கோடுகள் இட்டான். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு, ஐம்பதுக்கு ஒரு சிவப்புக் கோடு. காலையும் மாலையும் நீர்மட்டத்தைப் பார்த்து நோட்டில் எழுதிவைப்பது அவன் திட்டம். நாற்பதாண்டுகள் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற அவனுடைய ஆச்சி, திண்ணையில் அமர்ந்தபடி இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏல, தண்ணி ஏறுனா நானே பாத்துக்கிடுவேன். பேய்மழ பெய்யும்போது தண்ணி எறங்குச்சுன்னா, அத எழுதுறதுக்கு ஒன் நோட்டுல எடம் இருக்கா?”

“எறங்குனா நல்லதுதான ஆச்சி?”

“மழ விடாம கொட்டுது, ஓட மட்டும் வத்துது. அப்ப அந்தத் தண்ணி எங்கன போயி நிக்குதுன்னு மேல ஏறிப்போயி யாரு பாத்தா?”

அந்தக் கேள்விக்குள் மலையோடைகளைப் பற்றிய ஓர் அறிவியல் முழுவதும் அடங்கியிருக்கிறது. சமவெளி ஆற்றுக்காக உருவான வெள்ளக் கண்காணிப்பு முறையை அப்படியே மலைக்கு ஏற்றினால் எங்கே அது பிழைபடும் என்பதும் அதற்குள் இருக்கிறது.

இந்தியாவின் பேராறுகளில் மத்திய நீர் ஆணையம் நீர்மட்டத்தை மூன்று குறிகளோடு ஒப்பிடுகிறது. முதலாவது எச்சரிக்கை மட்டம். அடுத்தது அபாய மட்டம். மூன்றாவது, அந்த இடத்தில் இதுவரை பதிவான உச்ச வெள்ள மட்டம். நீர் ஒவ்வொரு குறியாகத் தாண்டும்போது கரையோர மக்களுக்குச் செய்தி போகிறது. மேலே பெய்த மழை கீழே வந்து சேர மணிக்கணக்கில், சில ஆறுகளில் நாட்கணக்கில் ஆகும். அந்த இடைவெளிதான் மக்களைக் காக்கும் நேரம். ஏறும் நீர் ஆபத்து, இறங்கும் நீர் ஆறுதல் என்பது இந்த முறையின் அடிப்படை.

மலையோடையின் கணக்கு வேறு. அதன் நீளம் சில கிலோமீட்டர்; சரிவு செங்குத்து. மழைக்கும் வெள்ளத்துக்கும் இடையில் கிடைப்பது சில நிமிடங்களோ, அரைமணி நேரமோதான். நீரோடு மண்ணும் பாறையும் மரமும் சேர்ந்தே வரக்கூடும். மேலே ஒரு சரிவு விழுந்து ஓடையை மறித்துக்கொண்டால், கீழே நீர் திடீரென்று குறையும். அளவுகோலை மட்டும் பார்ப்பவருக்கு அது நல்ல செய்தி. உண்மையில், மறிபட்ட நீர் மேலே தேங்கிக்கொண்டிருக்கிறது. மறிப்பு உடையும்போது அத்தனையும் ஒருசேர வந்து விழும். நீர் சட்டென்று செம்மண் நிறமாவது, பாறைகள் ஒன்றோடொன்று மோதும் உறுமல் கேட்பது, பச்சை மரம் முறியும் ஓசை வருவது ஆகியவையும் இதே வரிசையில் வரும் அடையாளங்கள். உலகின் மலைநாடுகள் பலவற்றில் மக்களுக்கு வழங்கப்படும் அறிவுறுத்தல்களில் இவை இடம்பெற்றிருக்கின்றன. ஆச்சி எந்த அறிவுறுத்தலையும் படித்தவர் அல்லர்; அவர் ஓடைக்கு அருகில் வாழ்ந்தவர்.

இந்த அறிவு மூணாற்றுக்கு எப்போது வந்தது என்று தேடினால் 1924ஆம் ஆண்டில் போய் நிற்க வேண்டியிருக்கும். கேரளம் அந்த ஆண்டின் பெருவெள்ளத்தைக் கொல்லம் ஆண்டுக் கணக்கில் நினைவில் வைத்திருக்கிறது. அப்போது நடந்தது 1099ஆம் ஆண்டு. ஆகவே மக்கள் வழக்கில் அது ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’. மாட்டுப்பட்டிப் பக்கம் சரிந்த மண்ணும் மரமும் நீரை மறித்து, அந்த மறிப்பு உடைந்தபோதுதான் மூணாறு நகரம் அடித்துச் செல்லப்பட்டது என்று தலைமுறைகளாகச் சொல்லி வருகிறார்கள். அதாவது, நீர் இறங்கிய பிறகு ஊர் அழிந்த கதை.

அந்த வெள்ளம் ஒரு ரயில்பாதையையும் கொண்டுபோனது. 1902இல் ஒற்றைத் தண்டவாளத்தில் தொடங்கி, 1908இல் குறுகிய பாதையாக மாற்றப்பட்ட குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில், தேயிலையை மலையுச்சிக்குக் கொண்டு சேர்த்தது. அங்கிருந்து கம்பிவடம் வழியாகப் பெட்டிகள் போடி பக்கம் இறங்கின. 1924க்குப் பிறகு அந்த ரயில் மீண்டும் கட்டப்படவே இல்லை. ஆனால் மலையுச்சிக்கு ‘டாப் ஸ்டேஷன்’ என்ற பெயர் இன்றும் நிற்கிறது. அங்கே புகைப்படம் எடுக்கும் பயணிகளில் பலர், ரயிலே இல்லாத ஊருக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்பதில்லை. தண்டவாளம் போன பின்னும் சொல் தங்கியிருக்கிறது. இடப்பெயர் என்பது சில வேளைகளில் ஊர் தனக்குத் தானே எழுதிவைத்த வெள்ள மட்டக் குறி.

ஆறுகளின் பெயர்களும் அப்படியே. மூன்று ஆறுகள் கூடுவதால் மூணாறு. அவை முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை. முதிரப்புழையைத் தமிழர் பலர் ‘முதிரப்புழையாறு’ என்கிறார்கள். மலையாளத்தின் ‘புழை’யும் தமிழின் ‘ஆறு’ம் ஒரே பெயரில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன, இரண்டுக்கும் பொருள் ஒன்று. இலக்கணக்காரர் இதைக் கூறியது கூறல் என்பார். இரண்டு மொழியினர் ஒரே நீரைக் குடித்து வாழ்ந்ததன் சான்று என்றும் சொல்லலாம்.

ஆனால் எல்லாச் சொற்களும் இப்படி இணைந்துவிடவில்லை. மலையாளத்தில் ‘வெள்ளம்’ என்றால் நீர். குடிக்கும் நீரும் வெள்ளமே. தமிழில் வெள்ளம் என்றால் பெருக்கு. இரு மொழியும் புழங்கும் மூணாற்றுக்காரர் இதில் தடுமாறுவதில்லை. தடுமாற்றம் வேறோரிடத்தில் இருக்கிறது. மலையாளம் இரண்டு நிகழ்வுகளுக்கு இரண்டு சொற்களை வைத்திருக்கிறது. சாலையோர மண்திட்டு சரிந்து விழுந்தால் அது ‘மண்ணிடிச்சில்’. மலையின் வயிறு வெடித்தாற்போல் நீரும் பாறையும் ஒன்றாக உருண்டு ஓடைவழியே பாய்ந்தால் அது ‘உருள்பொட்டல்’. உருளுதல், பொட்டுதல் என்னும் இரு வினைகளும் அந்தச் சொல்லுக்குள்ளேயே கேட்கின்றன. தமிழ்ச் செய்தித்தாள்கள் பல வேளைகளில் இரண்டுக்கும் ‘நிலச்சரிவு’ என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துகின்றன.

மண் சரிவு என்று கேட்பவர் தம் வீட்டுக்குப் பின்னால் உள்ள மண்சுவரைப் பார்ப்பார். உருள்பொட்டல் என்று கேட்பவர் ஓடையைப் பார்ப்பார். எந்தத் திசையில் திரும்பிப் பார்க்க வேண்டும், எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதை ஒரு சொல் தீர்மானிக்கிறது. சரிவு தொடங்கும் இடம் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கலாம். ஓடைதான் அதை வாசலுக்குக் கொண்டுவரும். ‘நிலச்சரிவு’ என்ற சொல்லில் அந்த ஓடை இல்லை.

பெட்டிமுடியில் நடந்தது அதுதான். 2020 ஆகஸ்ட் 6, இரவு பத்தேமுக்கால் மணியளவில், ராஜமலைக்கு அப்பால் உள்ள அந்தத் தோட்டக் குடியிருப்பின் மேல் மலை இறங்கியது. சரிவு தொடங்கிய இடம் மேலே இரவிகுளம் தேசியப் பூங்காவின் பகுதி. அது நீரோட்டத்தின் வழியே வந்து நான்கு லயங்களை மூடியது. 70 பேர் இறந்தார்கள். அவர்களுள் 66 பேரின் உடல்களே கிடைத்தன. இறந்தோரில் பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பகுதியை வேராகக் கொண்ட தமிழ்க் குடும்பத்தினர். மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. செய்தி வெளியுலகை எட்டியது மறுநாள் காலையில். பெரியவாரைப் பாலம் 2018 வெள்ளத்தில் போயிருந்தது. அதற்கு மாற்றாகப் போட்டிருந்த தற்காலிகப் பாலமும் அந்த மழையில் சேதமடைந்ததால், மீட்புக்குப் போன வண்டிகள் திணறின.

அந்த ஒரே நாளில் அங்கே பெய்த மழை 600 மில்லிமீட்டருக்கும் மேல். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் நீர். 600 மில்லிமீட்டர் என்றால் ஒரு ஹெக்டேரில் 60 லட்சம் லிட்டர். இந்த எண் உலகுக்குத் தெரியும். ஏனென்றால் தோட்டங்களில் மழைமானி வைத்து அளக்கும் வழக்கம் பழமையானது. எனவே அளவீடு இல்லாததால் அந்த மக்கள் இறந்தார்கள் என்று சொல்ல முடியாது. அப்படியானால் எது இல்லாமல் போயிற்று?

இந்திய வானிலைக் கணக்கில் மழை நாள் என்பது காலை 8.30க்கு முடிகிறது. முந்தைய 24 மணி நேரத்தில் பெய்த நீரை அப்போது அளந்து எழுதுவார்கள். ஆண்டுக்கணக்கு எடுப்பதற்கும் பயிருக்கும் அணைக்கும் அது போதும். இரவு ஒன்பது மணிக்கு இந்த லயத்தில் படுக்கலாமா என்று முடிவெடுக்க அது உதவாது. காலையில் எழுதப்படும் எண் இரவைப் பற்றிய வரலாறு. இரவுக்கான எச்சரிக்கையாக அது ஆவதில்லை. பெட்டிமுடி அழிந்த நேரம் இரண்டு காலைகளுக்கு நடுவில் இருந்தது.

இந்த இடைவெளியை நிரப்பும் முயற்சிகள் கேரளத்திலேயே இருக்கின்றன. கோட்டயம் மாவட்டத்தில் மீனச்சில் ஆற்றுப் படுகை மக்கள், பள்ளி மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு, வீடுகளில் மழைமானி வைத்தும் பாலத்தூண்களில் அளவுகள் எழுதியும் நீரைக் கண்காணிக்கிறார்கள். மேலே இருப்பவர் தம் பாலத்தில் நீர் எவ்வளவு என்று வாட்ஸப்பில் இட்டால், கீழே இருப்பவர் தம் கடைச் சரக்கை மேல்தட்டுக்கு மாற்றிக்கொள்கிறார். அளவிடுபவரும் அஞ்சுபவரும் ஒருவரே என்பது அந்த அமைப்பின் வலிமை.

வயநாட்டில் ஹியூம் மையம் இருநூறுக்கும் மேற்பட்ட மழைமானிகளிலிருந்து தினமும் தகவல் திரட்டுகிறது. 2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கையும் சூரல்மலையும் அழிவதற்கு முந்தைய நாளே, அந்த மையம் அப்பகுதியின் மழையளவைக் காட்டி எச்சரித்திருந்தது. ஆனாலும் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உடல்கள் சாலியாற்றில் மிதந்து நிலம்பூர் வரை போயின. அங்கே அளவீடு இருந்தது, எச்சரிக்கையும் இருந்தது. எச்சரிக்கைக்கும் கதவைத் தட்டும் கைக்கும் இடையில்தான் இரவு புகுந்துவிட்டது.

இலங்கையின் மலையகம் இதில் ஒரு படி முன்னும் ஒரு படி பின்னும் நிற்கிறது. அங்கே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எண்ணையும் செயலையும் கட்டிவைத்திருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தால் விழிப்பாயிரு. 100 தாண்டினால் ஆயத்தமாகு. 150 தாண்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 பெய்தால், வெளியேறு. ஒரு வெற்றுப் போத்தலை வைத்துக்கூட இந்த விதியைப் பின்பற்றிவிடலாம். ஆயினும் 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்தன. அந்த இடம் அபாயமானது, மக்களை இடம் மாற்ற வேண்டும் என்று ஆண்டுகளுக்கு முன்பே அறிவுறுத்தப்பட்டிருந்தது. ‘வெளியேறு’ என்ற வினைக்கு ‘எங்கே’ என்ற இடம் வேண்டும். லயத்தில் வாழ்பவருக்குக் காலடி மண் சொந்தமில்லை. வேலை இருக்கும்வரை வீடு. ஓடைக்குப் பக்கத்தில் லயம் அமைந்தது நீர்வசதிக்காகவும் வேலைத்தலம் அருகில் இருப்பதற்காகவும். அதைத் தேர்ந்தெடுத்தவர் அதில் உறங்கியவர் அல்லர். பெட்டிமுடியில் பிழைத்த குடும்பங்களுக்குப் பிறகு வேறிடத்தில் வீடுகள் கிடைத்தன. ‘பிறகு’ என்ற சொல்தான் அந்த வாக்கியத்தில் கனமானது.

எஞ்சியிருப்பது மொழி. மழை எச்சரிக்கை இன்று நிறங்களாக வருகிறது. ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டர் முதல் மஞ்சள்; 115.6 முதல் ஆரஞ்சு; 204.4க்கு மேல் சிவப்பு. இதே கேரளத்தில் அணை திறப்புக்கும் நிறங்கள் உண்டு: நீலம், ஆரஞ்சு, சிவப்பு. ‘ஆரஞ்சு’ என்று மட்டும் காதில் விழுந்தால், அது வானத்தைப் பற்றியதா, அணையைப் பற்றியதா என்று கேட்பவர்தாம் ஊகிக்க வேண்டும். பழைய மூணாற்றில் ஆற்றோரம் கடை வைத்திருப்பவருக்கு இரண்டும் வேண்டும். மேட்டில் உள்ள லயத்துக்கு ஒன்று போதும். மேலும், இடுக்கி மாவட்டம் முழுமைக்கும் பெரும்பாலும் ஒரே நிறம்தான். மூணாற்றில் விடாமல் கொட்டும் அதே நாளில், மழை மறைவில் இருக்கும் மறையூரில் வெயில் அடிக்கலாம். இரண்டு ஊருக்கும் அன்று ஒரே ஆரஞ்சு.

அலகுகளுக்கும் இதே நோய். 2015 டிசம்பர் முதல் நாள் இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. அடையாற்றங்கரையில் குடியிருந்தவருக்கு அந்த எண் எதையும் சொல்லவில்லை. தம் வீட்டு வாசற்படியில் எத்தனையாவது படிவரை நீர் வரும் என்பதே அவருக்குத் தேவைப்பட்டது. பேரளவிலிருந்து படிக்கு வந்து சேரும் அந்த மொழிபெயர்ப்பை எந்தக் கருவியும் தானாகச் செய்வதில்லை.

2025 ஜனவரியில் கேரளம் ‘கவசம்’ என்ற எச்சரிக்கை அமைப்பைத் தொடங்கியது. பல இடங்களில் சைரன்கள் நிறுவப்பட்டன. சைரனுக்கு மொழி இல்லை. அதுவே அதன் பலம், அதுவே குறையும்கூட. ஒலி கேட்டவர் அடுத்த கணம் கேட்பது சொல்லை: எங்கே போக வேண்டும், எந்தப் பாதை, யாரை அழைத்துக்கொள்ள வேண்டும்? அந்தச் சொல் எந்த மொழியில் வரும்? கேரளத்தின் 1969ஆம் ஆண்டு அலுவல்மொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ள இடம் தந்திருக்கிறது. மனு எழுதும் பகலுக்கு மொழியுரிமை இருக்கும்போது, மலை உறுமும் இரவுக்கும் அது இருந்தாக வேண்டும். மொழியியல் துறைகள் அழிந்துவரும் சொற்களை ஆவணப்படுத்துகின்றன, நல்ல பணி. உயிர் காக்கும் ஒரு சொல் இல்லாத இடத்தில் அதை உருவாக்கித் தருவதும் அதே துறையின் பணிதான். ‘உருள்பொட்டல்’ என்பதை அப்படியே தமிழில் எடுத்துக்கொள்வதிலும் இழுக்கில்லை. ‘முதிரப்புழையாறு’ என்று சொல்லப் பழகிய நாவுக்கு அது கடினமாகவும் இராது.

தூணில் கோடிட்ட மாணவன் அன்று மாலையே நோட்டில் புதிய கட்டங்கள் வரைந்தான். தேதி, நேரம், நீர்மட்டம், மழையளவு என்பனவற்றோடு நீரின் நிறம், ஓசை என்று இரண்டு சேர்ந்தன. கடைசிக் கட்டத்துக்கு என்ன தலைப்பிடுவது என்று யோசித்து, ஆச்சியின் சொற்களையே இட்டான்: ‘மழை நிற்காமல் தண்ணீர் இறங்கியதா?’ அந்தக் கட்டத்தில் ‘ஆம்’ என்று எழுத நேர்ந்தால் நோட்டை மூடிவிட்டு முதலில் எந்தக் கதவைத் தட்டுவது, எந்தப் பாதையில் மேட்டுக்குப் போவது என்று வீடு வீடாகப் பேசி, அதையும் பின்னட்டையில் எழுதிவைத்தார்கள். நடக்க முடியாத பெரியவர்கள் இருக்கும் வீடுகளுக்கு எதிரே இருவர் பெயர்கள்.

ஆச்சி அதை வாசித்துக்காட்டச் சொல்லிக் கேட்டார். பிறகு ஒரு திருத்தம் சொன்னார்:

“காலையும் சாயங்காலமும் பாத்தா பத்தாது. ராத்திரி பத்து மணிக்கு ஒருக்கப் பாரு.”